கடைசிப் பெயர் கேட்கும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓஎம்ஆரிலும் சிறுசேரியிலும் சரவணம்பட்டியிலும் உட்கார்ந்து உலகத்துக்கெல்லாம் படிவம் கட்டிக்கொடுக்கும் டெவலப்பர்களே, அதைச் சோதிக்கும் டெஸ்டர்களே, "பயனர் தன் பெயரை உள்ளிடுவார்" என்று ஒரே வரியில் ரிக்வயர்மென்ட் எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடும் அனலிஸ்ட்களே, வணக்கம்.

உங்கள் மேல் ஒரு வழக்கு இருக்கிறது. முதல் குற்றவாளி நான்தான் என்பதால் பயப்படாமல் படிக்கலாம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவுக்கு ஒரு மருத்துவக் காப்பீடு எடுக்கலாம் என்று கிளம்பினோம். நாலைந்து தாள்களை ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. அதனால் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பிரவுசிங் சென்டர். அங்கே இருந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். படிவத்தை அவனே நிரப்பினான். நான் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தேன். சாப்ட்வேர்காரன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் பிரிண்டரைப் பார்க்கச் சொல்வார்கள்.

"லாஸ்ட் நேம் என்னம்மா?"

அம்மா யோசித்தார். "கடைசிப் பேரா? எனக்கு மொதல்லருந்து ஒரே பேருதான் தம்பி."

"இனிஷியல்?"

"ஆர்."

அவன் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தைத் தட்டினான். சிவப்பில் வந்தது: குறைந்தது இரண்டு எழுத்துகள் தேவை. பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தான். மறுபடி சிவப்பு: சிறப்புக் குறிகளுக்கு அனுமதி இல்லை. புள்ளியை அழித்துவிட்டு இன்னொரு ஆர் தட்டினான். பச்சை டிக் விழுந்தது. "அவ்ளோதாம்மா" என்றான். ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு அவன் இதைச் செய்கிறான் என்பது விரல் போன வேகத்திலேயே தெரிந்தது.

பங்குனியில் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் இருந்த பெண் ஆதாரையும் காப்பீட்டு அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். ஆதாரில் ஒரு ஆர். அட்டையில் இரண்டு. "இந்த ரெண்டாவது ஆர் யாரும்மா?" என்று கேட்டார்.

"அதுவும் அவருதாம்மா. ரெண்டு தடவ வந்துட்டாரு."

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்த மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், அம்மா உட்பட. சிரித்தாலும் கணினி ஒத்துக்கொள்ளவில்லை. நோட்டரியைத் தேடிப் போய், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று எழுதிக் கையெழுத்து வாங்கி வந்தபோது மதியம் ஆகிவிட்டது. அன்று காலையிலிருந்து சாப்பிடாமல் காத்திருந்தது எழுபது வயதுக் கண்.

சரி, குற்றத்துக்கு வருகிறேன்.

2008இல், வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், நானும் இதே வரியை எழுதினேன். அமெரிக்க கிளையண்ட் ஒருவரின் பணியாளர் பதிவுப் படிவம் அது. முதல் பெயர் கட்டாயம், கடைசிப் பெயர் கட்டாயம், இரண்டிலும் குறைந்தது இரண்டு எழுத்து, ஆங்கில எழுத்துகள் மட்டும். என்னைப் பொறுத்தவரை அழகான கோட். டீம் லீட் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். டெஸ்ட் டேட்டா கொடுத்தோம்: ஜான் ஸ்மித், ஜேன் டோ, மறுபடி ஜான் ஸ்மித். எல்லாம் பாஸ்.

அந்த அறையில் 14 பேர் இருந்தோம். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு டெஸ்டரைத் தவிர மற்ற 13 பேருக்கும் கடைசிப் பெயர் என்று ஒன்று கிடையாது. அந்த 13 பேர் கழுத்திலும் தொங்கிய அடையாள அட்டையில் பெயரும் பின்னால் ஓர் எழுத்தும்தான். அதில் ஒருவருக்குக்கூடத் தன் சொந்தப் பெயரைத் தட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. தட்டியிருந்தால் பத்தே நொடியில் பக், அதாவது பிழை, கிடைத்திருக்கும். ஸ்மித் என்று ஒருவரை நாங்கள் யாரும் நேரில் பார்த்தது கிடையாது. ஆனாலும் அவருக்கு எந்தக் குறையும் வராமல் பார்த்துக்கொண்டோம்.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்தச் சரிபார்ப்புக் கோப்பு, எல்லா ப்ராஜெக்ட்காரர்களும் எடுத்துப் பயன்படுத்தும் 'காமன்' என்ற ஃபோல்டருக்குள் போனது. காமன் ஃபோல்டருக்குள் போன கோடுக்குச் சாவு கிடையாது. பிறகு நான் பார்த்த ஒரு பள்ளிச் சேர்க்கைப் படிவத்திலும், ஓர் உள்ளூர்க் கடன் நிறுவனத்தின் செயலியிலும் அதே வரி, கோடுக்குப் பக்கத்தில் குறிப்பாக எழுதும் கமென்டில் நான் விட்ட எழுத்துப் பிழையோடு அப்படியே இருந்தது. அம்மாவை மடக்கியது என் வரிதானா என்று தெரியாது. என் வரியின் ஒன்றுவிட்ட தம்பியாகவாவது இருக்கும்.

நமக்கு ஏன் கடைசிப் பெயர் இல்லை என்பது நம்மில் பலருக்கே மறந்துவிட்டது. தாத்தாக்களின் காலத்தில் பலருக்கு வால் இருந்தது. அது பெரும்பாலும் சாதி. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பெரியாரே தன் பெயரிலிருந்த நாயக்கரை விட்டார். அதன் பிறகு இரண்டு மூன்று தலைமுறைகளில் இந்த மாநிலம் ஏறக்குறைய முழுதாகவே வாலை உதறிவிட்டு, அப்பா பெயரின் முதல் எழுத்தோடு நின்றுகொண்டது. ஆக, முந்தைய தலைமுறை தெரிந்தே காலி செய்த இடம் அது. நீங்கள் அங்கே சிவப்பு நட்சத்திரம் ஒன்றைக் குத்திவிட்டு 'கட்டாயம்' என்கிறீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தில்லிக் கிளையிலிருந்து வந்த ஒருவர், "உன் முழுப்பெயர் என்ன? இல்லை, முழுப்பெயர்?" என்று மூன்று தடவை கேட்டார். அவர் தேடியது என்ன என்பது எனக்கு நாலைந்து வருஷம் கழித்துத்தான் உறைத்தது. உங்கள் படிவத்துக்கு அந்தக் கெட்ட எண்ணம் இல்லைதான். கேட்கும் கேள்வி மட்டும் அதேதான்.

வேறு வழியில்லாமல் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். இனிஷியலை விரித்து, கடைசிப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து அலுவலகத்தில் நான் ராமசாமி. மின்னஞ்சல் முகவரியில் அவர், வீடியோ கால் சதுரத்தின் கீழே அவர். கிளையண்ட் பக்கத்தில் மரியாதை தெரிந்த ஒருவர் "மிஸ்டர் ராமசாமி" என்றே அழைப்பார். ஒரு வெள்ளிக்கிழமை இரவு ப்ரொடக்‌ஷனில் நான் செய்த கோளாறு ஒன்றுக்கு, ஏழு மேலாளர்களுக்கு நகல் போட்டு மின்னஞ்சல் வந்தது: இந்தத் தவறு எப்படி நடந்தது என்று ராமசாமி விளக்க வேண்டும். எங்கள் அப்பா தபால்காரர். முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு கடிதத்தைக்கூடத் தப்பான வீட்டில் போட்டதில்லை என்று பெருமை பேசுவார். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. மகன் செய்த தப்புக்கு அவரைக் கூண்டில் ஏற்றியதை அவரிடம் நான் கடைசி வரை சொல்லவில்லை.

இது உள்ளூர்ப் பிரச்சினை என்று நினைத்தால் விமான நிலையத்துக்கு வாருங்கள். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சடிப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். ஆன்சைட் போன என் நண்பனுக்கு ஓட்டுநர் உரிமம் வரை அது ஒட்டிக்கொண்டு போனது. இப்போது வீட்டிலேயே அவனை எஃப்னு என்றுதான் கூப்பிடுகிறார்கள். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதியில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். எமிரேட்ஸ் போய்வருவதே பிழைப்பாக இருக்கும் நம் ஆட்கள் அந்த இடைவெளியில் பட்ட பாட்டைக் கேட்டால் தெரியும்.

மலேசியத் தமிழர் பாடு இன்னும் வேடிக்கை. அவர்கள் அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'ஏ/எல்' இருக்கும். அனாக் லெலாக்கி, மலாயில் மகன். நடுவில் இருக்கும் அந்தச் சாய்கோட்டைப் பல படிவங்கள் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கின்றன. விமானப் பதிவு முறைகளில் குடும்பப் பெயரையும் முதல் பெயரையும் பிரிக்கும் குறியே அந்தச் சாய்கோடுதான் என்பதால் சிக்கல் இரட்டிப்பு. (சென்னையில் வீட்டு எண்ணும் அப்படித்தான். பழைய எண் 14, புதிய எண் 27 என்பதை 14/27 என்று எழுதாத சென்னைக்காரர் உண்டா? முகவரிப் பெட்டியில் சாய்கோடு கூடாது என்று எழுதிய டெவலப்பர் சென்னையில் எந்த வீட்டில் குடியிருக்கிறார்?)

படிவத்துக்காக ஆளை மாற்றுவது நாம் கண்டுபிடித்ததல்ல. 1849இல் பிலிப்பைன்ஸை ஆண்ட ஸ்பானிய ஆளுநர் கிளாவெரியா, வரி வசூலுக்கும் கணக்கெடுப்புக்கும் வசதியாக இருக்க வேண்டும் என்று, அகர வரிசையில் அடுக்கிய குடும்பப் பெயர்ப் பட்டியலை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்தார். அதனால் சில ஊர்களில் குடும்பப் பெயர்கள் எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கின. 1934இல் துருக்கி, எல்லாரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமே போட்டது. இந்தோனேசியாவில் சுகர்ணோ, சுகார்த்தோ என்று இரண்டு ஜனாதிபதிகள் ஒற்றைப் பெயரோடு ஆண்டிருக்கிறார்கள். அங்கேயே 2022இல், இனிப் பதிவாகும் பெயர்களில் குறைந்தது இரண்டு சொல் வேண்டும், 60 எழுத்துக்கு மேல் கூடாது என்று விதி வந்துவிட்டது. ஆளுநராவது ஊருக்குப் பறையறைந்து சொல்லியிருப்பார். நாம் ஒரு செக்பாக்ஸில் 'ரிக்வயர்டு' என்று டிக் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுகிறோம்.

இதை ஸ்டாண்ட்அப் எனும் தினசரி டீம் கூட்டத்தில் சொன்னால் வரும் பதில் எனக்குத் தெரியும், நானே பல தடவை சொன்ன பதில்தான்: "எட்ஜ் கேஸ்", அதாவது எங்கோ விளிம்பில் அபூர்வமாக வரும் விஷயம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். 7 கோடிப் பேர் நிற்கும் அளவுக்கு அகலமான விளிம்பை நான் பார்த்ததில்லை. ஐஸ்லாந்தில் மொத்தமே நாலு லட்சம் பேர்கூட இல்லை. பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரோடு மகன் அல்லது மகள் என்று சேர்த்துக்கொள்வார்கள். அவர்கள் தங்கள் தொலைபேசிப் புத்தகத்தை முதல் பெயர் வரிசையில்தான் அச்சடித்தார்கள். தங்கள் பெயரை அவர்கள் எட்ஜ் கேஸ் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

சரி, தமிழிலேயே பெயரை எழுத விட்டால் தீருமா? அங்கேதான் நமக்கு இன்னும் பெரிய கூத்து காத்திருக்கிறது. அம்மா அன்று இனிஷியலைத் தமிழில் 'ரா' என்று போட்டிருந்தால், "குறைந்தது இரண்டு எழுத்து" என்ற சோதனையில் தேறியிருப்பார். ஏனென்றால் உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடில் 'ரா' என்பது ரகரமும் துணைக்காலுமாக இரண்டு குறியீடுகள். பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் பெயர் கண்ணன், 'க' ஒரே குறியீடு, அக்கா பெயில். ராமசாமி மனைவி பாஸ், கண்ணன் மனைவி பெயில், முத்துவின் மனைவி மறுபடி பாஸ். இந்த விதியை எந்தப் பஞ்சாயத்தில் சொல்லி நியாயம் கேட்பது?

கொஞ்சம் விவரமான டெவலப்பர் உலக மொழி எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன் என்று, "யூனிகோடில் எழுத்து எனப்படும் எதையும் அனுமதி" என்று எழுதுவார். நல்ல மனசுதான். ஆனால் யூனிகோடின் வகைப்பாட்டில் துணைக்காலும் கொம்பும் புள்ளியும் 'எழுத்து' அல்ல, 'குறி'. அதையும் சேர்த்து அனுமதிக்காவிட்டால் முருகன் மூன்றாவது நொடியில் வெளியே நிற்பார். அடுத்தது நீளம். கிருஷ்ணமூர்த்தி என்பது நம் கணக்கில் 8 எழுத்து. யூனிகோடுக்கு 15 குறியீடு. யுடிஎஃப்-8 என்ற முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 45 பைட். பெயருக்கு 30 பைட் போதும் என்று நினைத்து வெட்டினால் மிஞ்சுவது 'கிருஷ்ணமூர'. புள்ளியும் போச்சு, தியும் போச்சு. இதைப் பார்த்துவிட்டு ஒருவர், "தமிழே பிரச்சினைங்க, ஆங்கிலமே வெச்சுக்கலாம்" என்று மீட்டிங்கை முடித்துவைத்தார். அவர் பெயரும் ஒரு மூர்த்திதான்.

புள்ளி என்றதும் நினைவுக்கு வருகிறது. கடைசிப் பெயர் கட்டத்தில் ஒற்றைப் புள்ளியை ஏற்றுக்கொள்ளும் படிவங்களும் நிறைய உண்டு. பிரவுசிங் சென்டர்காரர்களின் முதல் ஆயுதமே அதுதான். ஒரு தடவை டேட்டா சுத்தம் செய்யும் வேலை எங்கள் டீமுக்கு வந்தபோது, அட்டவணையைக் கடைசிப் பெயர் வாரியாக எண்ணிப் பார்த்தேன். குமாரும் இல்லை, ராஜும் இல்லை, முதலிடத்தில் புள்ளி. இரண்டாம் இடத்தில் 'என்ஏ', பொருந்தாது என்பதன் சுருக்கம். அவர்களுக்கெல்லாம் நிறுவனம் "அன்புள்ள திரு. புள்ளி" என்று தீபாவளி வாழ்த்து அனுப்பியிருந்தது. பெரும்புள்ளிகள் என்று சொல்வோமே, அவர்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கட்டாயமாக்கினால் நல்ல தரவு கிடைக்கும் என்று நம்பும் அனலிஸ்ட்களுக்கு அந்த அட்டவணையைக் காட்ட ஆசை.

நீங்கள் சொல்லப்போவதும் காதில் விழுகிறது. "பேமென்ட் கம்பெனிக்காரன் தன் சிஸ்டத்தில் லாஸ்ட் நேம் கேட்கிறானே", "பான் கார்டு படிவமே அப்படித்தானே". உண்மைதான். பான் விண்ணப்பத்தில் இனிஷியல் போடக்கூடாது, விரித்து எழுத வேண்டும். ஒற்றைப் பெயர்க்காரர் அதைக் கடைசிப் பெயர் கட்டத்தில்தான் எழுத வேண்டும். ஆதாரில் ஓர் எழுத்து, பானில் அப்பாவின் முழுப்பெயர், பிஎஃப் கணக்கில் இனிஷியல் முன்னால், வங்கியில் பின்னால். நாலும் ஒரே ஆள் என்று நிரூபிக்க நம் ஊரில் பாதிப் பேர் ஒரு வேலைநாளையாவது செலவழித்திருப்பார்கள். விமான டிக்கெட்டையும் பானையும் இங்கே உட்கார்ந்து உங்களால் மாற்ற முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரியாணி கொண்டுவந்து கொடுக்கும் செயலிக்கு என் கடைசிப் பெயர் எதற்கு? முடி திருத்தும் கடையில் டோக்கன் போட எதற்கு? அம்மாவுக்கு ஆதாரை வைத்துத்தானே காப்பீடு கொடுக்கிறீர்கள்? அந்த ஆதாரில் பெயருக்கு ஒரே ஒரு கட்டம்தான். நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களின் பெயர் அந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிட்டது. உங்கள் ஐம்பதாயிரம் வாடிக்கையாளர்கள் அதில் அடங்க மாட்டார்களா?

ஒரு கட்டம் போதும். பெயர் என்று போடுங்கள், நீளமாக விடுங்கள், புள்ளியையும் சாய்கோட்டையும் உள்ளே விடுங்கள், ஒற்றை எழுத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். அன்பாகக் கூப்பிட வேண்டும் என்று மார்க்கெட்டிங் ஆட்கள் துடித்தால், "உங்களை எப்படி அழைக்கலாம்?" என்று இரண்டாவது கட்டம் ஒன்று வையுங்கள், விருப்பமிருந்தால் நிரப்பட்டும். அப்புறம், டெஸ்டர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஜான் ஸ்மித்தை இனி விட்டுவிடுங்கள், அவர் நன்றாகத்தான் இருக்கிறார். ரிலீஸுக்கு முந்தின நாள் உங்கள் அம்மாவின் ரேஷன் கார்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, இனிஷியல், இடைவெளி, புள்ளி எதையும் மாற்றாமல் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். சிவப்பு விழுந்தால் பக் போடுங்கள். 'ஆஸ் பெர் டிசைன்', திட்டமிட்டபடிதான் இருக்கிறது என்று மூடினால் மறுபடி திறங்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஊரிலிருந்து திரும்பிய வாரமே, இப்போது நான் வேலை பார்க்கும் ப்ராடக்டில் அதே வரி இருக்கிறதா என்று தேடினேன். ஏழு இடங்களில் இருந்தது. சரிசெய்யச் சொல்லி டிக்கெட் போட்டேன். முதலில் 'மேலும் விவரம் தேவை' என்று திரும்பி வந்தது. அம்மாவின் இரண்டு அட்டைகளையும், எண்களை மறைத்து, படமெடுத்து இணைத்தேன். இப்போது 'லோ பிரயாரிட்டி, பேக்லாக்', அதாவது அவசரமில்லை, பிறகு பார்க்கலாம் என்று நிற்கிறது. தினமும் காலையில் திறந்து பார்க்கிறேன். தலைப்புக்குக் கீழே, பக்கைப் பதிவு செய்தவர் யார் என்ற இடத்தில், வழக்கம்போல ராமசாமி என்று இருக்கிறது.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்